சென்னையிலிருந்து ரக்பியைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்கு: முதல் நாலைந்து வருஷம்

2025 ஜூனில் மும்பை அந்தேரியில் ரக்பி பிரீமியர் லீகின் முதல் சீசன் நடந்தது, ஆறு அணிகளில் நம்ம சென்னை புல்ஸ் கோப்பையைத் தூக்கியது. அதிலிருந்து "அண்ணா, இதுல சம்பாதிக்க முடியுமா?" என்று கேட்டு வருகிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். பதினாறிலிருந்து இருபது வயசு, பாதிப் பேர் கபடி ஆடியவர்கள், மீதிப் பேர் ஃபுட்பால் அல்லது ஓட்டப்பந்தயம். முடியும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அந்த லீக் நடந்தது ரெண்டு வாரம், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம் இருக்கிறது, மீதி நாளெல்லாம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் அந்த ரெண்டு வாரத்துக்கு உங்களைக் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் காசைப் பற்றி யோசிப்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உடம்பைக் காப்பாற்றி, எத்தனை ஆட்டம் ஆட முடியுமோ அத்தனையும் ஆடுவதுதான் முதல் நாலைந்து வருஷத்து வேலை. இதை எப்படிச் செய்வது என்றுதான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் இந்தத் தொழில் வெளியே எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரக்பி யூனியன் 1995 ஆகஸ்ட் வரைக்கும் அதிகாரபூர்வமாகக் காசு வாங்காமல் ஆடுகிற ஆட்டம், அதாவது சம்பளத்துக்கு ஆடும் தொழிலாகி முப்பது வருஷம்தான் ஆகிறது. இங்கிலாந்து, பிரான்ஸ் மாதிரி இடங்களில் பெரிய கிளப்கள் பள்ளிப் பிள்ளைகளை அகாடமிக்கு எடுத்து, பதினெட்டு வயசில் சிலருக்கு மட்டும் சின்ன ஒப்பந்தம் கொடுத்து, அப்புறம் அவர்களைக் கீழ் டிவிஷன் கிளப்களுக்குக் கடனாக அனுப்பி ஆட வைக்கின்றன. முதல் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிட கீழே போய் வாரா வாரம் ஆடுகிற பையன்தான் வளர்கிறான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பிரான்ஸின் ஆன்ட்வான் டுபோனை எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு உலகத்தின் பெரிய பெயர்களில் ஒருவர். சின்ன ஊர் மான்யோக் கிளப்பில் ஆரம்பித்து, ஓஷ் என்ற சிறிய நகரத்து அகாடமிக்குப் போய், 2014-இல் காஸ்த்ர், 2017-இல் துலூஸ் என்று படிப்படியாகத்தான் ஏறியிருக்கிறார். ஒரே தாவலில் மேலே போனவர்கள் மிகக் குறைவு.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இங்கிலாந்தின் மேல்தட்டு லீகிலேயே வூஸ்டர், வாஸ்ப்ஸ் ரெண்டு கிளப்பும் 2022-இல் பணமில்லாமல் விழுந்தன, 2023-இல் லண்டன் ஐரிஷ். சீசன் நடுவில் சம்பளம் நின்று, வீட்டு வாடகைக்கு வழி தேடின ஆட்டக்காரர்களில் தேசிய அணிக்கு ஆடினவர்களும் இருந்தார்கள். அங்கேயே அப்படி என்றால், கையில் டிகிரியோ வேறு தொழிலோ இல்லாமல் இங்கே இருந்து கிளம்பாதீர்கள். வீட்டில் அப்பா அம்மா இதையேதான் சொல்வார்கள், பயத்தில் சொல்கிறார்கள் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். அவர்கள் சொல்வது சரி.

எங்கே ஆரம்பிப்பது

சென்னையில் ரக்பிக்கு வயசு அதிகம். தீவுத்திடல் பக்கம் ஜிம்கானா கிளப்புக்கு இந்த ஆட்டத்தோடு பழைய தொடர்பு உண்டு, சென்னை சீட்டாஸ் மாதிரி கிளப்கள் அகில இந்தியப் போட்டிகளில் ஆடியிருக்கின்றன. ஆனால் தெருவுக்குத் தெரு கிரிக்கெட் கோச்சிங் இருப்பது போல இது கிடைக்காது, தேடிப் போக வேண்டும். மாநில ரக்பி சங்கத்திடம் கேளுங்கள், கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள், நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரிப் பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால் விசாரியுங்கள். ஒரு இடத்துக்குப் போனதும் சேர்ந்துவிடாமல் ஒரு முழுப் பயிற்சியை ஓரமாக நின்று பாருங்கள். புதிதாக வந்த பையனை முதல் நாளே பெரிய ஆட்களோடு மோத விடுகிறார்களா, முதலுதவிப் பெட்டியும் ஐஸும் இருக்கிறதா, தலையில் அடிபட்டவனை உட்கார வைக்கிறார்களா அல்லது "ஒண்ணுமில்ல, எழுந்திரு" என்று தட்டி அனுப்புகிறார்களா என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது நடந்தால் அடுத்த நாள் அங்கே போகாதீர்கள்.

ரக்பியில் ரெண்டு வடிவம். பதினைந்து பேர் ஆடி எண்பது நிமிஷம் போவது ஃபிஃப்டீன்ஸ். அதே அளவு மைதானத்தில் ஏழு பேர், ஏழு ஏழு நிமிஷமாக ரெண்டு பாதி, அது செவன்ஸ். 2016 ரியோ ஒலிம்பிக்கிலிருந்து ஒலிம்பிக்கில் இருப்பது செவன்ஸ், ஆசிய விளையாட்டிலும் அதுதான், நம் ஊர் லீகும் அதுதான். அதனால் சென்னையிலிருந்து மேலே போகிற கதவு இப்போதைக்கு செவன்ஸ். வேகம் இருக்கிறவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு, அமெரிக்காவின் கார்லின் ஐல்ஸ் ஓட்டப்பந்தயத்திலிருந்து செவன்ஸுக்கு மாறித்தான் பெயர் வாங்கினார். ஆனால் ஃபிஃப்டீன்ஸ் ஆடக் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்க்ரம் (ரெண்டு அணியும் கட்டிப்பிடித்துக் குனிந்து தள்ளுவது), லைன் அவுட் (கோட்டுக்கு வெளியே போன பந்தை ரெண்டு வரிசைக்கு நடுவில் எறிவது), ரக் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேலே நின்று தள்ளுவது) எல்லாம் நெருக்கமாகக் கற்றுக்கொடுப்பது அதுதான், வெளிநாட்டுக் கிளப்களில் பெரும்பாலும் ஆடுவதும் அதுதான்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. இந்தியாவில் பெண்கள் ரக்பி ஆண்கள் ரக்பிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. 2019 ஜூனில் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றது இந்தியப் பெண்கள் ஃபிஃப்டீன்ஸ் அணியின் முதல் சர்வதேச வெற்றி, அதில் ஒடிசா, பிகார் கிராமத்துப் பெண்களின் உழைப்பு இருந்தது. தமிழ்நாட்டில் இன்னும் போட்டி குறைவு, நன்றாக ஆடுகிற பெண் சீக்கிரமே மாநில அணி வரைக்கும் போய்விட முடியும். தங்கச்சி ரக்பி ஆடக் கேட்டால் தடுக்காதீர்கள், கூடப் போய் மைதானத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், அது போதும்.

விழவும் பிடிக்கவும் கற்பது

முதல் ஆறு மாசம் இதற்கே போகட்டும். டிரை போடுவது (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது), சைடு ஸ்டெப், பின்னால் பார்க்காமல் பாஸ் இதெல்லாம் வீடியோவில் அழகாக இருக்கும், ஆனால் ஒரு செலக்டர் உங்களை அணியில் எழுதுவது நீங்கள் எத்தனை டேக்கிளை, அதாவது பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்துவதை, தவறவிடாமல் முடிக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான்.

விழுவதிலிருந்து தொடங்குங்கள். பந்தை ரெண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, முட்டியை மடக்கி, தொடை, இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். கையை ஊன்றி விழுகிறவன் மணிக்கட்டையோ காறை எலும்பையோ உடைத்துக்கொள்கிறான், ஃபுட்பாலிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் அதிகம். ஏப்ரல் மே மாசத்தில் நம்ம ஊர் மைதானம் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும், அங்கே விழுந்து பழகினால் இடுப்பில் தோல் உரிந்து ஒரு வாரம் படுக்க முடியாது. மெரினாவிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ காலையில் ஐந்தரைக்கே போய் மணலில் விழுந்து பழகுங்கள். முதலில் முட்டி போட்ட நிலையில், அப்புறம் நடந்துகொண்டே, அப்புறம் மெல்ல ஓடிக்கொண்டே. விழுந்த உடனே உடம்பைத் திருப்பி, பந்தைக் கையெட்டும் தூரத்தில் உங்கள் அணிப் பக்கம் வைக்க வேண்டும். இந்த ஒரு அசைவை நூறு தடவை செய்தால் சலிப்பாகத்தான் இருக்கும், செய்யுங்கள்.

டேக்கிள். எதிரே வருகிறவனின் முகத்தைப் பார்க்காதீர்கள், முகமும் தோளும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது, அவன் ஷார்ட்ஸைப் பாருங்கள். கிட்டே வரவர அடியைச் சின்னதாக்கி, கடைசி அடியில் உங்கள் முன்காலை அவன் காலுக்குப் பக்கத்தில் கொண்டு போய் ஊன்ற வேண்டும். இங்கேதான் புதியவர்கள் எல்லாரும் தப்பு செய்வது, ஒரு மீட்டர் தூரத்திலிருந்தே பாய்ந்துவிடுகிறார்கள், பாய்ந்தால் பலம் போய்விடும், தலையும் எங்கே போகும் என்று தெரியாது. வலது காலை ஊன்றினால் வலது தோள், இடது காலென்றால் இடது தோள். தலை எப்போதும் அவன் உடம்புக்குப் பக்கவாட்டில் அல்லது பின்னால், உங்கள் கன்னம் அவன் பின்பக்கத்தில் அழுந்த வேண்டும், ஒருபோதும் அவன் ஓடுகிற பாதைக்குக் குறுக்கே தலையை வைக்கக் கூடாது. முதுகு நேராக, கண் திறந்திருக்க வேண்டும், மோதும் நொடியில் கண்ணை மூடுகிறவர்கள் நிறையப் பேர். தோள் பட்டதும் ரெண்டு கையும் சுற்றிப் பூட்டிக்கொண்டு, கால் நிற்காமல் தள்ளிக்கொண்டே போக வேண்டும். தோளுக்கு மேலே பிடித்தால் குற்றம், மஞ்சள் அட்டையோ சிவப்பு அட்டையோ வரும், அதைவிட முக்கியம், தலையில் அடிபடுவது பிடிக்கப்பட்டவனுக்கு மட்டுமில்லை, உயரமாகப் பிடிக்கப் போகிற உங்களுக்கும்தான்.

கபடியிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். தாழ்வாக இறங்குவது, பிடி, மோதலுக்குப் பயப்படாத மனசு, இதெல்லாம் காசு கொடுத்தாலும் வராது. வியாசர்பாடி, காசிமேடு பக்கத்திலிருந்து வருகிற பையன்கள் இடுப்புப் பிடி போடுவதைப் பார்த்தால் எந்தக் கோச்சுக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஒரு பழக்கத்தை உடைக்க வேண்டும். கபடியில் பிடித்தால் விசில் வரும்வரை விடக் கூடாது, ரக்பியில் அவன் தரையில் விழுந்த உடனே விட்டுவிட்டு உருண்டு விலக வேண்டும். விடாமல் படுத்திருந்தால் பெனால்டி, எதிரணிக்கு மூன்று பாயிண்ட் வாய்ப்பு. கபடிப் பையன்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பிடி, போடு, விடு, எழு. நாலாவதுதான் முக்கியம். தரையிலிருந்து எவ்வளவு சீக்கிரம் எழுந்து மறுபடியும் ஆட்டத்துக்குள் வருகிறீர்கள் என்பதை செலக்டர்கள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள்.

பாஸை ரெண்டு பக்கமும் பழகுங்கள். வலது கைக்காரர்கள் இடமிருந்து வலமாகப் போடுகிற பாஸ் எப்போதும் தள்ளாடும், தினமும் பயிற்சி முடிந்த பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் பத்து நிமிஷம் கூடுதலாகப் போடுங்கள். டெகத்லானில் ஐந்தாம் நம்பர் பந்து கிடைக்கும், வீட்டில் ஒன்று இருக்கட்டும், டிவி பார்க்கும்போதும் கையில் இருக்கட்டும்.

பற்களுக்கு மவுத் கார்டு இல்லாமல் ஒருநாளும் மோதல் பயிற்சிக்குள் போகாதீர்கள். வெந்நீரில் போட்டுக் கடிக்கிற வகையில் ஆரம்பியுங்கள், கையில் காசு வந்ததும் பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள். தலையில் போடுகிற மெத்தென்ற ஸ்க்ரம் கேப் காதைக் காப்பாற்றும், தோல் கிழியாமல் காப்பாற்றும், மூளை அதிர்ச்சியைத் தடுக்காது, அதை நம்பித் தலையைக் கொடுக்காதீர்கள்.

தலையில் அடி

கன்கஷன், அதாவது அடிபட்டு மூளை அதிர்வது பற்றி யாரும் உங்களிடம் சமாதானம் பேச அனுமதிக்காதீர்கள். மயங்கி விழுந்தால்தான் கன்கஷன் என்பது தவறு, பெரும்பாலான கன்கஷனில் ஆள் மயங்குவதே இல்லை. தலைசுற்றல், குமட்டல், வெளிச்சம் கூசுவது, ஸ்கோர் மறந்துபோவது, "என்னமோ மாதிரி இருக்கு" என்ற உணர்வு, இதில் ஒன்று இருந்தாலும் அந்த நாள் ஆட்டம் முடிந்தது. உலக அளவில் இந்த ஆட்டத்தை நடத்துகிற அமைப்பான வேர்ல்ட் ரக்பி சொல்வதும் அதுதான்: சந்தேகம் வந்தால் வெளியே எடு. அன்றைக்குப் பைக் ஓட்டிக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது, யாராவது கூட்டிப் போக வேண்டும், முதல் இருபத்துநாலு மணி நேரம் தனியாக விடக் கூடாது. தொடர்ந்து வாந்தி, அதிகமாகும் தலைவலி, பேச்சு குழறுதல், கை கால் மரத்துப்போவது, வலிப்பு, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவு. கழுத்து வலி இருந்தால் ஆளை அசைக்கவே கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருத்துவர் கூடவே இருந்து கவனிக்கிற பெரிய அணிகளுக்குத் தனி நடைமுறை இருக்கிறது. நம்மைப் போன்ற கிளப் ஆட்டக்காரர்கள் குறைந்தது 21 நாள் போட்டியில் இறங்காமல், முதலில் ஓய்வு, அப்புறம் நடை, மெல்லோட்டம், மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் சரி என்ற பிறகு மோதல் பயிற்சி, கடைசியாக ஆட்டம் என்று படிப்படியாகத் திரும்ப வேண்டும். மாநில செலக்ஷன் அந்த மூன்று வாரத்துக்குள் வந்தால்? போகட்டும். அடுத்த வருஷமும் செலக்ஷன் வரும். முதல் அடி ஆறுவதற்குள் ரெண்டாவது அடி பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம், இது பயமுறுத்துவதற்காகச் சொல்வது இல்லை.

வேர்ல்ட் ரக்பியின் இணையதளத்தில் கன்கஷன் பற்றியும் ஆட்ட விதிகள் பற்றியும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன, முடித்தால் சான்றிதழும் வரும். காயத்தைக் குறைப்பதற்கென்றே அவர்கள் தயாரித்த ஆக்டிவேட் என்ற வார்ம் அப் பயிற்சியும் உண்டு, உங்கள் கோச் அதைச் செய்யவில்லை என்றால் நீங்களே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

உடம்பு, சாப்பாடு, வெயில்

சென்னையில் மே மாசம் காலை எட்டு மணிக்கு மேல் முழு வேகப் பயிற்சி வேண்டாம். பயிற்சிக்கு முன்னாலும் பின்னாலும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும், வெறும் தண்ணீராக இல்லாமல் உப்புப் போட்ட மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். என்று கலந்து. வெயிலில் பயிற்சி செய்யும்போது ஒருவன் உளற ஆரம்பித்தால் அது ஹீட் ஸ்ட்ரோக்கின் அறிகுறி, உடனே நிழலில் போட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஐஸ் வைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு தேவையில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 1.6-இலிருந்து 2 கிராம் வரை புரதம், அதாவது எழுபது கிலோ ஆளுக்கு நாளைக்கு 110-இலிருந்து 140 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் வேர்க்கடலையில் இருபத்தைந்து, ஒரு டம்ளர் பாலில் ஏழெட்டு, கோழியோ மத்தி மீனோ நூறு கிராம் சாப்பிட்டால் இருபதுக்கு மேல். காலையில் முட்டை, மத்தியானம் மீன், சாயங்காலம் சுண்டல், ராத்திரி கோழி அல்லது பன்னீர், வழக்கமான சோறும் இட்லியும் கூட, இதிலேயே வந்துவிடும். சோற்றை விட்டுவிடாதீர்கள், ஓடுவதற்கு அதுதான் எரிபொருள்.

ஜிம்மில் ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல் அப், கழுத்துப் பயிற்சி. எடையைக் கூட்டுவதற்கு முன்னால் முறை சரியாக வரட்டும். ஸ்க்ரமின் முன் வரிசையில் நிற்கிற ப்ராப், ஹூக்கர் ஆட நினைக்கிறவர்கள் கழுத்தைப் பலப்படுத்தாமல் ஸ்க்ரமுக்குள் தலையை விடவே கூடாது.

இங்கேதான் ஒரு பெரிய ஆபத்து. ஏரியா ஜிம்மில் லேபிள் இல்லாத பவுடரும் ஊசியும் "எல்லாரும் போடுறாங்க" என்று கையில் கொடுப்பார்கள். ஊக்கமருந்துச் சோதனையில் உங்கள் உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு நீங்கள்தான் பொறுப்பு, தெரியாமல் சாப்பிட்டேன் என்பது தப்பிக்க உதவாது. ஸ்டீராய்டு என்றால் நாலு வருஷத் தடை வரைக்கும் போகும், இருபது வயசில் நாலு வருஷம் போனால் இந்தத் தொழிலில் மிச்சம் ஒன்றும் இருக்காது. மூக்கடைப்புக்குக் கடையில் வாங்குகிற சில மாத்திரைகளில்கூட போட்டி நாளில் தடை செய்யப்பட்ட பொருள் உண்டு. எந்த மருத்துவரிடம் போனாலும் "நான் போட்டியில் ஆடுகிறவன், நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) சோதனைக்கு உட்பட்டவன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்துச் சீட்டை எடுத்து வையுங்கள்.

செலக்ஷனும் கேம்பும்

மாவட்டம், மாநிலம், தேசியப் போட்டி, இந்தியக் கேம்ப் என்று ஏறுகிற பாதை இது. தேசியப் போட்டிகளில் ஒடிசா, மகாராஷ்டிரா, மேற்கு வங்கம், பிகார், ராணுவ அணி எல்லாம் வலுவானவை, அவர்களோடு ஆடித் தோற்றாலும் அந்த ஒரு ஆட்டம் இங்கே பத்துப் பயிற்சி ஆட்டத்துக்குச் சமம். ஆவணங்களை முன்னாலேயே தயாராக வையுங்கள்: பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம்ம ஊர் இனிஷியல் பழக்கத்தால் ஒன்றில் அப்பா பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருக்கும், கடைசி நேரத்தில் அதற்கு ஓட முடியாது. பதினெட்டு வயசிலேயே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள்.

புவனேஸ்வரில் போட்டி என்றால் ரயிலில் கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம். ஆட்டத்தன்று காலையில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டால் இடுப்பு விறைத்துப்போய் தொடை நரம்பு இழுத்துக்கொள்ளும், ஒரு நாள் முன்னால் போய்ச் சேருங்கள். நிர்வாகம் ஏற்பாடு செய்யவில்லை என்றால் அணியாகச் சேர்ந்து கேளுங்கள்.

கேம்பில் நம் பிள்ளைகள் பின்தங்குவதற்கு நான் பார்க்கிற முக்கியமான காரணம், வாயே திறப்பதில்லை. சுற்றிலும் இந்தி, கோச் இங்கிலீஷ், இவன் கூச்சப்பட்டு நிற்பான். ரக்பியில் பேசாதவன் பாதி ஆட்டக்காரன்தான், தடுப்பு வரிசையில் பக்கத்தில் இருப்பவனுக்கு நீங்கள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு இலக்கணம் தேவையில்லை, லெஃப்ட், ரைட், அப், ஹோல்ட், டிரிஃப்ட், மைன், யுவர்ஸ், இந்த மாதிரி இருபது வார்த்தைக்குள் எல்லாம் அடங்கும். இங்கே சென்னையில் பயிற்சி செய்யும்போதே அந்த வார்த்தைகளில் கத்திப் பழகுங்கள். எங்கள் மைதானத்தில் ஒரு பையன், கபடியிலிருந்து வந்தவன், டேக்கிள் எல்லாம் பிரமாதம், ஆனால் வாயில் கொழுக்கட்டை. மூன்று மாசம் அவனைத் தடுப்பு வரிசையின் நடுவில் நிறுத்தி, அவன் சொல்லாமல் யாரும் முன்னேறக் கூடாது என்று வைத்தேன். மாநில ட்ரையல்ஸில் கோச் அவனைத்தான் முதலில் கவனித்தார், பந்து அவன் பக்கம் வந்ததே ரெண்டு தடவைதான்.

வீடியோ எடுத்து வையுங்கள். நண்பனை ஒருவனைக் கேலரி மேல்படியில் நிறுத்தி, போனைப் படுக்கை வாட்டத்தில் பிடித்து, பந்தை மட்டும் துரத்தாமல் பாதி மைதானம் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மூன்று நாலு நிமிஷத்துக்கு வெட்டி, ஆரம்பத்தில் பெயர், பிறந்த வருஷம், உயரம், எடை, ஆடும் பொசிஷன் போட்டு, ஒவ்வொரு காட்சியிலும் நீங்கள் யார் என்று ஒரு வட்டம் போடுங்கள். டிரையை மட்டும் அடுக்காதீர்கள். டேக்கிள், ரக்கில் பந்தைக் காப்பது, விழுந்து எழுந்து ஓடிப் பிடிப்பது, இவைதான் வேண்டும். பின்னணியில் பாட்டு வேண்டாம். கேட்டால் அனுப்புவதற்கு ரெண்டு முழு ஆட்டமும் கையில் இருக்கட்டும், நல்ல கோச் முழு ஆட்டத்தைத்தான் கேட்பார்.

படிப்பு, வேலை, ஒப்பந்தம்

தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு இடஒதுக்கீடு மூன்று சதவீதம். ரயில்வேயிலும் ராணுவத்திலும் விளையாட்டு ஆள்சேர்ப்பு உண்டு, கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு. ஆனால் எந்த விளையாட்டு, எந்த அளவுப் போட்டி, என்ன இடம் என்பது ஒவ்வொரு அறிவிப்பிலும் மாறும், அந்த வருஷப் பட்டியலில் ரக்பி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், அடுத்தவர் சொன்னதை நம்பிப் படிவம் போடாதீர்கள். ஒவ்வொரு போட்டிச் சான்றிதழையும் அன்றைக்கே வாங்கி ஸ்கேன் செய்து வையுங்கள், ரெண்டு வருஷம் கழித்துக் கேட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்க மாட்டார்.

காப்பீடு எடுங்கள். முட்டி எலும்புகளைப் பிணைக்கிற ஏசிஎல் நார் கிழிந்தால் அறுவை, பிசியோ எல்லாம் சேர்த்து லட்சத்தில் போகும், திரும்ப ஆட ஒன்பது மாசமாவது ஆகும். பல மருத்துவக் காப்பீட்டில் தொழில்முறையாக ஆபத்தான விளையாட்டு ஆடினால் பணம் கிடையாது என்று ஒரு விதி இருக்கிறது, ரக்பி அதில் வருமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள்.

வெளிநாடு என்றால் எல்லாரும் நியூசிலாந்தைச் சொல்வார்கள். விமானத்தில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் கொழும்பு இருக்கிறது. அங்கே பள்ளி ரக்பிக்கே கூட்டம் நிரம்பும், ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டியும் ஆடுகிற பிராட்பி ஷீல்டு 1945-இலிருந்து நடக்கிறது, கண்டி, சிஆர், ஹேவ்லாக்ஸ் மாதிரி கிளப்கள் பலமானவை. தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிற ஊர், சாப்பாடும் நம்ம சாப்பாடு. அணியாகப் போய் ரெண்டு மூன்று பயிற்சி ஆட்டம் ஆடிவிட்டு வந்தாலே உங்கள் அளவு உங்களுக்குத் தெரிந்துவிடும். படிக்கவோ வேலைக்கோ துபாய், சிங்கப்பூர், இங்கிலாந்து போகிறவர்கள் அங்கே உள்ளூர்க் கிளப்பில் சேருங்கள், புதிதாக வருகிறவரை அவர்கள் நன்றாகவே சேர்த்துக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், இங்கிலாந்து மாணவர் விசாவில் தொழில்முறை ஆட்டக்காரராக ஆட அனுமதி இல்லை, "சும்மா மேட்ச் ஃபீஸ்தானே" என்று வாங்கினால் விசாவே போய்விடும்.

யாராவது ஏஜென்ட் என்று வந்து, ஐரோப்பியக் கிளப்பில் இடம் இருக்கிறது, முன்பணம் இவ்வளவு என்றால் அதோடு நிறுத்துங்கள். நிஜமான ஏஜென்ட் உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு பங்கை எடுப்பார், உங்களிடம் முன்கூட்டிக் காசு கேட்க மாட்டார். கிளப்பின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதி, இப்படி ஒரு வாய்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும்.

ஒப்பந்தம் நிஜமாகவே கையில் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தெரிந்த வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். சம்பளம் எவ்வளவு என்பதைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது காயப் பகுதி: ஆட்டத்தில் அடிபட்டால் அறுவைக்கு யார் பணம் கட்டுவது, எத்தனை மாசம் சம்பளம் ஓடும், ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிசியோ செலவு தருவார்களா, எந்த மருத்துவரிடம் போவது என்று நீங்கள் முடிவு செய்யலாமா. அப்புறம் பயிற்சியில் பட்ட அடியும் ஆட்டத்தில் பட்ட அடியும் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், சில இடத்தில் ஆட்டத்துக்கு மட்டும்தான் இருக்கும், ஆனால் காயத்தில் நிறைய பயிற்சியில்தான் வருகிறது. அடுத்து தங்குமிடம், திரும்பி வரும் டிக்கெட், எத்தனை நாள் முன்னறிவிப்பில் உங்களை அனுப்பலாம் என்பது. வாயால் சொன்ன எதையும் "அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள் சார்" என்று கேளுங்கள். நேர்மையான ஆள் சேர்த்துவிடுவார், இழுத்தடித்தால் கையெழுத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, அதுவரை இங்கே வாரக் கடைசி ஆட்டங்களை விடாமல் ஆடிக்கொண்டிருங்கள்.